காயம் காரணமாக

1

இரண்டு மாதம் முன்பு என் மகன் ஆதி பள்ளியிலிருந்து ஒரு புத்தகத்தோடு வந்தான். வழவழப்பான தாள், கெட்டி அட்டை, அட்டையில் ஒரு நெட்டையன் கூடையின் வளையத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறான். எங்கள் ஊர்க் கூடைப்பந்து க்ளப்பின் வரலாறு. க்ளப்புக்கு ஆண்டு விழாவாம். அதற்காக ஊரிலுள்ள எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

"எங்கள் ஊர்" என்று எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ஆவடியில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது எஸ்டோனியாவில், பால்டிக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊரை எங்கள் ஊர் என்கிறேன். மெட்ராசில் பாதி ஜனம்கூட இல்லாத நாடு இது. அங்கே கிரிக்கெட் எப்படியோ, இங்கே கூடைப்பந்து அப்படி. கடைக்காரர், கண்டக்டர், பாதிரியார் எல்லோரும் முதல் நாள் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அதுவும் இரண்டு வாக்கியம் பேசினால் அதிகம்.

நான் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆதி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எட்டு வயது. நான் தமிழில் கேட்டால் எஸ்டோனிய மொழியில் பதில் சொல்கிறவன். அவன் பெயர்கூட இப்போது தமிழ்ப் பெயர் இல்லை. ஆதி என்று இந்த ஊரிலும் ஒரு பெயர் உண்டு. அதனால் தன் பெயர் இந்த ஊர்ப் பெயர்தான் என்று வகுப்பில் சொல்லிவைத்திருக்கிறான்.

படித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் இப்படிப் படித்தான்: "அந்த வெற்றிக்குப் பிறகு, காயம் காரணமாக, ரைவோ அணியிலிருந்து விலகினார்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"திரும்பப் படி."

"ஏன்?"

"படிடா."

படித்தான். அடுத்த வாக்கியம் அமெரிக்காவிலிருந்து வந்த புது ஆட்டக்காரரின் உயரத்தைப் பற்றியது. அவ்வளவுதான், முடிந்தது. ஒரு பையனின் காலை ஒரே வரியில் அடக்கிவிட்டு அடுத்த ஆள் உயரத்துக்குப் போய்விட்டார்கள். விலகினாராம். பஸ்ஸில் அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருவது போல.

எனக்கு வந்த கோபத்தில் அன்று முட்டைக்கோஸ் தீய்ந்துபோனது. இந்தக் குறிப்பையும் அந்தக் கோபத்திலேதான் எழுதுகிறேன். நிதானமாக எழுதலாம் என்று இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். நிதானம் வரவில்லை.

2

இது ஏன் எனக்கு இவ்வளவு சுடுகிறது என்று சொல்ல வேண்டுமானால் ஆவடிக்குப் போக வேண்டும்.

அப்பா அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் மெஷினிஸ்ட். திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். குவார்ட்டர்ஸ் நடுவே ஒரு சிமென்ட் கோர்ட் இருந்தது. மழை பெய்தால் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் தேங்கும். என் அண்ணன் செல்வம் அந்தக் கோர்ட்டில்தான் வளர்ந்தான். பள்ளிக்கூடம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அவனுக்கு இடைவேளை மாதிரி. என்னைக் கூடைக்கு அடியில் நிறுத்திவைத்துப் பந்தைப் பொறுக்கிப் போடச் சொல்வான். அவன் பந்தை விட்டெறிந்தால், கூடையில் விழுவதற்கு முன்பே திரும்பி நடப்பான். அவ்வளவு திமிர். விழவும் விழும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி தன் டீமுக்கு அவனை எடுத்துக்கொண்டது. ஆர்டரில் ஹெல்பர் என்று இருந்தது. காலையில் கார்டு அடித்துவிட்டு நேரே கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான் வேலை. முதலில் தற்காலிகம், நன்றாக ஆடினால் பர்மனன்ட் என்று பர்சனல் ஆபீசர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அம்மா அந்த ஆர்டரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

டீமுக்குக் கேப்டன் ஏழுமலை. கள்ளிக்குப்பத்துக்காரர். அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தின் மேல்தான் இப்போது கம்பெனிகள் நிற்கின்றன என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அண்ணனை "மச்சான்" என்றுதான் கூப்பிடுவார்.

கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் இவர்கள் ஃபைனலுக்கு வந்தார்கள். அதற்கு முந்திய பயிற்சியில் அண்ணனின் வலது முட்டி திருகிக்கொண்டது. ஃபைனல் அன்று அப்பாவும் நானும் லோக்கல் ட்ரெயினில் அம்பத்தூர் போனோம். நான் அப்போது பிளஸ் டூ. கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகர ஷெட்டில் அண்ணன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முட்டி இருந்த இடத்தில் முட்டி தெரியவில்லை.

ஏழுமலை ஆபீசரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், கால பாருங்க சார். பன்னு மாதிரி ஊதிகினு கீது. இவன ஆட வுட்டா கால் பூடும்."

"நீ கேப்டனா, டாக்டரா?" என்றார் ஆபீசர். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, ரொம்ப அன்பாகக் கேட்டார். "என்னப்பா செல்வம், ஆடறியா? இல்ல நான் வேற பையனப் பாத்துக்கட்டுமா?"

அந்த "வேற பையன்" எதற்கு என்று ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இன்றைய ஆட்டத்துக்கு மட்டும் இல்லை.

"ஆடறேன் சார்," என்றான் அண்ணன்.

"இன்னாத்துக்கு மச்சான்?" என்றார் ஏழுமலை. "இந்த வேல போனா வேற வேல கெடிக்கும். கால் கெடிக்குமா?"

"நீ பர்மனன்ட்டு மாமே. நீ பேசுவ."

கம்பெனியின் முதலுதவி அறையிலிருந்து ஒரு கம்பவுண்டர் வந்து முட்டியில் மரத்துப்போகிற ஊசி போட்டார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே வந்துவிட்டார்.

அண்ணன் ஆடினான். அப்படி ஓர் ஆட்டம் அதற்கு முன்பும் பின்பும் நான் பார்க்கவில்லை. கோப்பையை ஆபீசர் தூக்கினார். அண்ணனை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சில மாதம் கழித்து அவனை உடல் தகுதி இல்லாதவன் என்று கம்பெனி அனுப்பிவிட்டது. அப்பா ஷிஃப்ட் முடிந்த கையோடு ஆவடியிலிருந்து கிளம்பிப் போய் கம்பெனி கேட்டில் நிற்பார். ஒரே ஒரு முறைதான் ஆபீசர் பார்த்தார். நானும் கூட இருந்தேன். அவர் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது: "உங்க பையன்தாங்க ஆடறேன்னு சொன்னான். நான் கட்டாயப்படுத்தினேனா? நாலு பேர் இருந்தாங்க, கேட்டுப் பாருங்க."

அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை. ஆபீசரிடம் பேசும்போது எதிர்வார்த்தை சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு.

3

அண்ணனின் முட்டியைப் பார்த்துத்தான் நான் டாக்டரானேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் பொய். மார்க் இருந்தது, சோவியத் ஸ்காலர்ஷிப் கிடைத்தது, லெனின்கிராடுக்குப் போனேன். படித்து முடிக்கும் நேரத்தில் அந்த நாடே இல்லை, அந்த நகரத்துக்கு அந்தப் பெயரும் இல்லை. அங்கே படித்துக்கொண்டிருந்த எஸ்டோனியாக்காரர் மார்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டு, கைக்குழந்தையோடு அவருடைய ஊருக்கு வந்து சேர்ந்தேன். மார்ட் துறைமுகத்தில் இன்ஜினியர். அதிகம் பேசமாட்டார். இந்த ஊரில் அது குறையில்லை.

வேலை பார்க்க வேண்டுமென்றால் நாட்டு மொழியில் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார்கள். நான் ரஷ்ய மொழியில் மருத்துவம் படித்தவள். ரஷ்ய மொழியைக் கேட்டாலே முகம் திருப்புகிற காலம் அது. எழுத்துத் தேர்வில் தப்பித்துவிட்டேன். நேர்முகத்தில் இந்த நாட்டுக்குப் பிடித்த விளையாட்டு எது என்று கேட்டார்கள். இதைவிட எளிய கேள்வி உண்டா? கூடைப்பந்து என்று சொன்னேன். அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இவர்கள் மொழியில் கோர்வ் என்றால் கூடை. அதே சொல்லை நம் "காது" என்ற சொல்லின் கடைசி உகரம் மாதிரி வாயை விரித்து இழுத்துச் சொன்னால் அது காது. நான் பதற்றத்தில் காதுப்பந்து என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த முறைதான் தேறினேன். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் சிலர் என்னைப் பார்த்தால் காதைத் தொட்டுக் காட்டுவார்கள்.

தேறிய பிறகும் ஆஸ்பத்திரியில் பாதி நாள் வேலைதான் இருந்தது. மீதிப் பாதிக்கு க்ளப் என்னை எடுத்துக்கொண்டது. அப்படித்தான் நான் அந்த க்ளப்பின் டாக்டரானேன்.

அந்தப் புத்தகத்தில் க்ளப்பின் வரலாறு ஒரே வெளிச்சமாக இருக்கிறது. நான் அறிந்த வரலாறு வேறு. சோவியத் காலத்தில் இந்த ஊரில் ஒரு நாற்காலி மேசைத் தொழிற்சாலை இருந்தது. அதன் டீம்தான் இது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் காகிதத்தில் தச்சர்கள். உளியைப் பிடிக்கத் தெரியாத தச்சர்கள். எனக்கு இதை முதலில் சொன்னபோது, எங்கள் அம்பத்தூரிலும் இப்படித்தான், அங்கே ஹெல்பர் என்பார்கள் என்றேன். யாரும் நம்பவில்லை.

நாடு விடுதலை அடைந்ததும் தொழிற்சாலை மூடிக்கொண்டது. உண்மையாகவே தச்சு வேலை பார்த்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். டீம் மட்டும் மிஞ்சியது. நேற்று வரை கட்சியின் இளைஞர் அமைப்பில் செயலாளராக இருந்தவர், இன்று பழைய கார் இறக்குமதி செய்கிறவர், க்ளப்பைக் கம்பெனியாகப் பதிந்து தானே மேலாளராக உட்கார்ந்தார். முதலில் க்ளப்புக்கு ஒரு சாராயக் கம்பெனியின் பெயர். பிறகு ஒரு வங்கியின் பெயர். வங்கி மூழ்கியதும் பனியன்களில் இருந்த எழுத்துகளைப் பிரித்துவிட்டு ஒரு மரக் கம்பெனியின் பெயரைத் தைத்தார்கள். பழைய தையல் ஓட்டைகள் அப்படியே தெரியும். தொழில்முறை ஆட்டம் என்பது இதுதான் என்றார்கள். முன்பு ஆட்டக்காரனுக்குக் காயம்பட்டால் தொழிற்சாலையில் ஏதாவது ஒரு ஓரத்தில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது உட்காரவைக்க ஓரமே இல்லை. வருஷா வருஷம் ஒப்பந்தம். இதெல்லாம் புத்தகத்தில் இல்லை. அதில் அது "புதிய காலம்".

4

ரைவோ இந்த ஊர்ப் பையன். அப்போது இருபத்திரண்டு வயது. அவனுடைய அம்மா ஹெல்யு அதே விளையாட்டரங்கில் கோட்டு வாங்கி மாட்டும் இடத்தில் வேலை பார்க்கிறவர். இங்கே குளிர்காலத்தில் உள்ளே நுழையும் எல்லோரும் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். என் கோட்டை வாங்கும்போதெல்லாம் இரண்டு விரலால் துணியைத் தடவிப் பார்த்து, "இந்தக் குளிருக்கு இது போதாது உனக்கு," என்பார். நான்கு வருஷமாக அதையே சொன்னார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் அன்பு அது.

நான் க்ளப்பில் இருந்த கடைசி சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் மூன்றாம் இடம், மெடல். மரக் கம்பெனி முதலாளி நேரில் வருகிறார். ரைவோவின் இடது முட்டியில் லிகமென்ட் பாதி கிழிந்திருந்தது. படம் எடுத்து, பார்த்து, ஆடக்கூடாது என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். ரைவோ அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காலை நீட்டி.

"ஒரு ஊசி போதும் டாக்டர்," என்றார் மேலாளர். "ஒரே ஒரு ஆட்டம்."

"முடியாது."

"நானா கேட்கிறேன்? அவனே கேட்கிறான். நீங்களே அவனிடம் கேளுங்கள்."

கடலையும் மலையையும் தாண்டி இவ்வளவு தூரம் வந்தால், அதே வார்த்தை வேறு மொழியில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

"போடுங்கள் டாக்டர்," என்றான் ரைவோ. தரையைப் பார்த்துச் சொன்னான். "அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது."

நான் மண்டியிட்டு உட்கார்ந்து அவனிடம் விளக்கினேன். வலி தெரியாது, அதனால்தான் ஆபத்து. வலி தெரியாத முட்டி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லாது. மிச்சமும் கிழியும், கூடவே குருத்தெலும்பும் போகும். இவர்கள் மொழி எனக்குத் துணைக்கு வரவில்லை. திக்கித் திக்கிச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். கேட்டுக்கொண்டதற்காக. ஒப்புக்கொண்டதற்காக இல்லை.

"முடியாது," என்றேன் மேலாளரிடம் மறுபடியும்.

"எங்கள் மொழியில் உங்களுக்கு இந்த ஒரு சொல் மட்டும்தான் சுத்தமாக வருகிறது," என்றார் அவர்.

ஊசி போடத் தலைநகரிலிருந்து வேறொரு டாக்டர் பையோடு வந்தார். நான் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். ரைவோ ஆடினான். எழுந்து எழுந்து கத்தினார்கள் ஜனங்கள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அவன் பந்துக்காகக் குதித்து இறங்கினான். கால் ஒரு பக்கம் போனது, உடம்பு ஒரு பக்கம் போனது. கூச்சலில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. பந்து கூடைக்குள் விழுந்துவிட்டதல்லவா, அதைத்தான் பார்த்தார்கள்.

மெடல் வந்தது. அடுத்த வாரம் க்ளப்புக்கு முழு நேர டாக்டர் தேவையில்லை, பாதி நேர டாக்டரும் தேவையில்லை என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள். ரைவோவின் ஒப்பந்தம் முடிந்தது, முடிந்ததுதான். இப்போது அவன் பின்லாந்தில் ஒரு பேக்கரியில் தட்டுகளை அடுக்குகிறான். படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறான். அப்படி இறங்குகிற இன்னொருவனையும் எனக்குத் தெரியும்.

5

அந்த இன்னொருவனுக்குத்தான் போன் போட்டேன். அண்ணன் இப்போது முகப்பேரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறான். பக்கத்திலேயே ஹவுசிங் போர்டு ஃப்ளாட், தரைத்தளம். தரைத்தளம்தான் வேண்டும் என்று அலைந்து வாங்கினான்.

"இன்னா கலா, ஞாயித்துக்கெழமகூட இல்ல, போன் போட்டுகீற? புள்ளைக்கு ஒடம்பு சரியில்லியா?"

"அதெல்லாம் நல்லாருக்கான். எனக்குத்தான் ஆத்திரமா இருக்கு."

புத்தகத்தைப் பற்றியும், அதைப் படித்துவிட்டு க்ளப்பில் சேர வேண்டும் என்று ஆதி குதிப்பதைப் பற்றியும் சொன்னேன். ரைவோ கதை அவனுக்கு முன்பே தெரியும். நான் கத்திக்கொண்டே போனேன். பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பையன் இன்னா சொல்றான்?" என்றான்.

"அவன்கிட்டயும் பேசினேன். இதைக் கிளப்ப வேணாங்கறான். அந்த ஆட்டத்துல நான் நல்லா ஆடினேன் டாக்டர், அதைக் கெடுத்துடாதீங்கன்னு சொல்றான்."

"கரெக்டு. நானும் அதாஞ் சொல்வேன்."

"அண்ணா!"

"இன்னா அண்ணா? எனுக்கும் அது ஒண்ணுதான் கலா மிச்சம் கீது. அன்னிக்கி நாலு பேரு மேல உழுந்தானுங்க, நான் போட்டேன். அத்தப் போயி, பாவம், ஊசி போட்டுகினு ஆடுனான்னு ஒருத்தன் சொன்னா எனுக்கு எப்டி இருக்கும்?"

"அப்ப நான் வாயை மூடிக்கினு இருக்கணுமா?"

"அத்த நான் சொல்லல. எங்களுக்கோசரம் பேசாதன்றேன். உன் புள்ள அங்க சேர்றேன்னு குதிக்கிறான்ற இல்ல? அவனுக்குப் பேசு." ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னான். "நாங்க கேட்டோம், இல்லன்னு சொல்லல. அந்த வயசுல கேக்கத்தான் செய்வோம். கேட்டா குடுத்துட்றதா? எம் பையன் பதினாலு வயசுல பைக்கு கேக்கறான். குடுத்துட்டேனா? குடுத்துட்டு, அவனேதான் கேட்டான்னு சொல்வனா? இரு, ஆளு வந்துகீறாங்க."

வைத்துவிட்டான். அப்பா அந்தக் கம்பெனி கேட்டில் நின்றபோது ஆபீசரிடம் சொல்லாமல் விட்ட பதில் இத்தனை வருஷம் கழித்து முகப்பேர் பூத்திலிருந்து எனக்குக் கிடைத்தது.

6

பிள்ளைகளுக்கென்று க்ளப் ஒரு பயிற்சிப் பிரிவு தொடங்கியது. புத்தகத்தை இலவசமாகக் கொடுத்ததே அதற்காகத்தான். பெற்றோர் கூட்டத்துக்கு நானும் மார்ட்டும் போனோம். அரங்கின் மாடியில் ஒரு ஹால். வாசலுக்குப் பக்கத்திலேயே ஹெல்யு கோட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தார்.

மேலாளர் பேசினார். பிள்ளைகளை டாக்டர் பார்ப்பார் என்றார். நான் எழுந்தேன்.

"டாக்டர் ஆடக்கூடாது என்று சொன்னால், அதுதான் முடிவா?"

"பயிற்சியாளர், பெற்றோர், பிள்ளை எல்லோரும் கலந்து பேசி முடிவெடுப்போம். பிள்ளையின் விருப்பமும் முக்கியம் அல்லவா?"

பிள்ளையின் விருப்பம்! நான் பேச ஆரம்பித்தேன். பெயர் சொல்லவில்லை. இந்த க்ளப்பில் ஒரு பையனும் விருப்பப்பட்டுத்தான் கேட்டான், அவன் விருப்பத்துக்குப் பின்னால் ஒப்பந்தம் இருந்தது, என்றேன். கோபத்தில் வேற்றுமை உருபு இடம் மாறிவிட்டது. இவர்கள் மொழியில் பதினான்கு வேற்றுமை. நம்முடைய எட்டைப் பள்ளியில் மனப்பாடம் செய்ததே பெரிய பாடாக இருந்தது. முட்டிக்கு ஊசி போட்டீர்கள் என்பதற்குப் பதில் ஊசிக்கு முட்டி போட்டீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

மேலாளர் புன்னகை செய்தார். "டாக்டர், முட்டிக்கு ஊசி. ஊசிக்கு முட்டி இல்லை," என்று மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வது போலத் திருத்தினார். ஹாலில் சிரிப்பு எழுந்தது.

இந்த நாட்டில் நான் பட்ட எல்லா அவமானத்தையும்விட அது பெரியது. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. கேட்டவளின் இலக்கணத்துக்குப் பதில் இருக்கிறது. தமிழில் கண்டபடி திட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மார்ட் எழுந்திருக்கப் போனார்.

அதற்குள் வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "யாருக்காவது புரியவில்லை என்றால் நான் சொல்கிறேன்."

ஹெல்யு. கையில் யாருடையதோ ஒரு கோட்டு.

"என் மகனின் முட்டிக்கு ஊசி போட்டீர்கள். அன்றைக்கு நானும் மேலே நின்று கைதட்டினேன். ஊசி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்த டாக்டர் மட்டும் முடியாது என்று சொன்னாராம். அதையும் என் மகன்தான் ரொம்ப நாள் கழித்துச் சொன்னான்."

பிறகு கோட்டை மாட்டப் போய்விட்டார்.

ஒரு தகப்பன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எழுந்து பேசினார், பேசிவிட்டு உட்காரவில்லை. "டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்படி விதி போடுங்கள். இல்லையென்றால் என் பெண்ணைச் சேர்க்க மாட்டேன்." இன்னொரு தாய் எழுந்தாள். பிறகு வரிசையாக எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான்.

மேலாளர் விதி போட்டார். பதினெட்டு வயதுக்குக் கீழே டாக்டரின் சொல்தான் முடிவு. பெரியவர்களின் டீமைப் பற்றிக் கேட்டபோது அது தொழில், அது வேறு என்றார். பிள்ளைகளுக்கு டாக்டராக இருக்க உங்களுக்கு நேரம் இருக்குமா என்று என்னைப் பார்த்து ஏளனமாகக் கேட்டார். சம்பளம் இல்லை என்பதை எல்லோர் முன்னாலும் சொன்னார். இருக்கும் என்றேன்.

இதை வெற்றி என்று எழுத எனக்கு மனமில்லை. புத்தகத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது. ஆண்டு விழாவில் மேலாளருக்கு மாலை போடாத குறைதான். ஹெல்யுவுக்கு இப்போது வாரத்தில் பாதி நாள்தான் வேலை கொடுக்கிறார்கள். காரணம் கேட்டால் அரங்குக்கு வரும் கூட்டம் குறைவு என்கிறார்கள். நான் போய்க் கேட்டேன். சண்டை போட்டேன். எழுதியும் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. வரும் வரை போவேன்.

7

நேற்று ஆதிக்கு முதல் ஆட்டம். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோடு. இரண்டு நாளாகப் பனியனைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினான்.

ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளை ஒவ்வொருவராக நான் பார்த்தேன். ஆதி கடைசியாக வந்தான். ஒரு ஷூவின் கயிறு மட்டும் அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டியிருந்தது. கழற்று என்றேன். மாட்டேன் என்றான். நானே கழற்றினேன். கணுக்கால் வீங்கிச் சிவந்திருந்தது. காலையில் பள்ளிப் படிக்கட்டில் மடங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

"வலிக்குதா?"

"இல்லை."

அழுத்தினேன். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"இன்னிக்கு உனக்கு ஆட்டம் இல்ல ஆதி."

"எனக்கு வலிக்கவில்லை! நான்தானே ஆடுகிறேன்? என் கால்தானே?" அவன் சத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பயிற்சியாளர் வந்தார். டீமில் உயரமான பையன் இவன்தான். என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிள்ளை ரொம்ப ஆசைப்படுகிறானே என்று இழுத்தார்.

"வேண்டாம் என்றால் வேண்டாம்," என்றேன். இலக்கணப் பிழை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆதி பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் முடியும் வரை அழுதான். டீம் தோற்றது. நீ மோசமான அம்மா, உனக்கு இந்த ஊரே பிடிக்காது, நாங்கள் ஜெயிப்பதும் பிடிக்காது என்றான். பிள்ளைகள் சிலரும் என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும்.

வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. பிடித்துக்கொள்ளக் கை கொடுத்தேன். தட்டிவிட்டான். எனக்கு முன்னால், திரும்பியே பார்க்காமல், லேசாக நொண்டிக்கொண்டு, தன் இரண்டு காலிலும் நடந்து வீட்டுக்குப் போனான்.